மலைக்கு ஏறிய தண்ணீர்

ஜூன் 3, செவ்வாய்

விடியவே மழை. பேக்டரியில் தேயிலை காயவைக்கிற போறணையின் மின்விசிறி மோட்டார் மறுபடி சூடாகிறது. பெயாரிங் தேய்ந்துவிட்டது. ஸ்டோரில் இல்லை. ஹட்டன் போக வேண்டும்.

வாங்க: பெயாரிங், டேப், பாப்பாவுக்குச் சளி மருந்து, அத்தைக்கு வெற்றிலை.

மத்தியானம் அத்தை வீட்டில் சோறு. பாப்பா முழங்காலில் எழுந்து நிற்கப் பார்க்கிறாள். விழுகிறாள். அழுவதில்லை.

செல்விக்கு கிளினிக்கில் ரத்தம் பார்த்திருக்கிறார்கள். எட்டு. பத்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். ஆறு மாதம் முடிந்து ஏழு பிறந்திருக்கிறது. அத்தையின் சின்ன மகள், பு.வின் தங்கச்சி. புருஷன் கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை, லீவு கிடைத்தால்தான் வருவான். இவள் இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள்.

பத்துக்கு ஏறினால் கீழே டவுனில் இருக்கிற சின்ன ஆஸ்பத்திரியிலேயே பிள்ளை பெறலாம். ஏறாவிட்டால் முன்கூட்டியே பெரியாஸ்பத்திரியில் போய்ப் படுக்க வேண்டும். கிளினிக்கில் அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அத்தை அடுப்பைப் பார்த்தபடியே சொன்னது: "அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு புள்ளய அனுப்புனேன். போதும் மாப்ள."

செல்வி பாப்பாவின் மூக்கைத் துடைத்தாள்.

என் பெண்டாட்டி புவனா போய் ஆடி வந்தால் வருஷம். பாப்பா பிறந்தாள், ரத்தம் நிற்கவில்லை. ஏற்கனவே உடம்பில் ரத்தம் குறைவு என்றார்கள். அவள் பெயரை முழுதாக எழுதினால் அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அதனால் பு.

ஜூன் 5, வியாழன்

மழை விட்டது. பனிமூட்டம் பகல் வரை.

பிள்ளை மடுவத்தில் கூட்டம். மலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப் போகிற இடம், சுவரெல்லாம் பால் வாடை. நான் போனது கூட்டத்துக்கல்ல, எரியாத பல்பைப் பார்க்க. ஏணியில் நின்றபடி எல்லாம் கேட்டேன்.

பிராந்திய சுகாதார அலுவலகத்திலிருந்து டாக்டர் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். சின்ன உருவம், பெரிய குடை. பிள்ளைத்தாய்ச்சிகள் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில்.

"இரும்புச்சத்துக் குளிசை எல்லாருக்கும் கிடைக்குதோ?"

கிடைக்கிறது என்றார்கள்.

"எல்லாரும் ஒழுங்காப் போடுறனீங்களோ? உண்மையைச் சொல்லுங்கோ, நான் பேசமாட்டன்."

போடுகிறோம் என்றார்கள். ஒருத்தி பையில் இருந்து அட்டையை எடுத்துக் காட்டினாள். முக்கால்வாசி வெறும் குழிகள்.

டாக்டருக்கு அது புரியவில்லை. குளிசையும் போடுகிறார்கள், ரத்தமும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் பேனாவைத் தட்டினார். பிறகு: "எத்தினை மணிக்குப் போடுறனீங்கள்? எதோட?"

மருமகளுக்குத் துணையாக வந்த மாரியாயி அக்கா முந்திக்கொண்டு: "பத்து மணி தேத்தண்ணிக்கு டாக்டரம்மா. அப்பத்தான மறக்காது. சங்கு ஊதும், உக்காருவோம், ரொட்டிய கடிச்சுக்கிட்டு குளுசையையும் போட்டு, தேத்தண்ணிய ஊத்திக்குவோம்."

"எல்லாருமோ?"

எல்லாரும்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். தேத்தண்ணிச் சாயம் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது என்று சொன்னார். ஒரு மணித்தியாலமாவது முன்னும் பின்னும் தேத்தண்ணி இருக்கக் கூடாது. மெதுவாக, திட்டாமல் சொன்னார்.

பிறகு மாரியாயி அக்கா: "அப்ப நாங்கள்லாம் தேத்தண்ணியில ஊறப் போட்ட பாண் ரொட்டின்னு சொல்லுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும். செல்வி மட்டும் என்னைப் பார்த்தாள். நான் பல்பை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

பு.வின் தேத்தண்ணிப் போத்தலும் அப்படித்தான். பழைய காலுறையைச் சுற்றி, சூடு ஆறாமல். காலையில் அதைக் கட்டிக் கொடுப்பது என் வேலை. இறங்கி வரும்போது டாக்டரிடம் கேட்டேன், அதனால்தானா என்று. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒரு காரணத்தால ஒரு ஆள் சாகிறேல்லை தம்பி" என்றார். கூட்டிப்போய் ஓரமாக நிறுத்தி, வேறு நாலு காரணம் சொன்னார். ஒன்றும் காதில் ஏறவில்லை. நல்ல மனுஷி.

ஜூன் 9, திங்கள்

பெயாரிங் மாற்றியாயிற்று. மோட்டார் சத்தம் சுத்தம்.

டாக்டர் மறுபடி வந்தார், இந்த முறை மேனேஜரைப் பார்க்க. தோட்டங்களுக்கென்று பிராந்தியத்தில் புது ஒழுங்கு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறார்களாம்: தாய்மாருக்குச் சத்துமா, குளிசை, கிளினிக் நாள் எல்லாம். குளிசையைத் தேத்தண்ணியிலிருந்து பிரிக்க ஒரு வழி இந்தத் தோட்டத்தில் சரிவந்தால் மற்றத் தோட்டங்களுக்கும் எழுதுவாராம்.

அவர் யோசனை: பதினொன்றரைக்கு இன்னொரு சங்கு. சின்னதாக. குளிசைச் சங்கு.

மேனேஜர் சிங்களவர், நல்லா தமிழ் பேசுவார். "சங்கு ஊதினா வேல நிக்கும் டாக்டர்." பிறகு "பலமு, பலமு." பார்ப்போம் என்றால் அவரிடம் பெரும்பாலும் இல்லை. டாக்டர் எழுந்திருக்கவே இல்லை. கடைசியில் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "ஒனக்கு செய்ய முடியுமா?" என்றார்.

முடியும். டைமர் ஒன்று, ரிலே ஒன்று. அரை நாள் வேலை.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி. லீவு. வெயில்.

பு.வின் மழைப் படங்கு, மலையில் இடுப்பைச் சுற்றிக் கட்டுவது, கதவுக்குப் பின்னால் தொங்குகிறது. மடித்து வைக்கலாம் என்று எடுத்தேன். ரப்பர் வாடையும் கொழுந்து வாடையும். திரும்ப மாட்டிவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தி, கீழே பொல்பிட்டியவில் பயிற்சிக்கு இருந்த வருஷம். அங்கே சூடு, விசிறி இல்லாமல் தூங்க முடியாது. சனிக்கிழமை பஸ்ஸில் வரும்போது கினிகத்தேனையில் இறங்கி ஈரப்பலாக்காய், மாங்காய், சில நாள் ரம்புட்டான். எங்கள் குளிருக்கு அதெல்லாம் காய்க்காது. பு. லயத்து வீட்டு வரிசையில் கடைசி வாசலில் வேலையே இல்லாமல் எதையாவது கழுவிக்கொண்டு நிற்பாள். "யாருக்கு இவ்ளோ மாங்கா?" என்பாள். "யாராச்சும் கேட்டா குடுக்கலாம்னு." "நான் கேக்கலயே." அப்படியே இரண்டு மாங்காயைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவாள். உப்பும் மிளகாயும் வைத்துத் தின்கிற சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்கும்.

கல்யாணத்துக்குப் பிறகு வாங்கி வந்தால் முழுதாக அவள் தின்று நான் பார்த்ததில்லை. நறுக்கி எல்லா வீட்டுக்கும் போய்விடும்.

ஜூன் 12, வியாழன்

குளிசைச் சங்கு முதல் நாள்.

சொல்லக் கூடாது, நன்றாக ஊதியது. நீட்டாமல் இரண்டு தரம். பேக்டரி மாடியில் நின்று பார்த்தேன், எதிர் மலையில் பச்சைக்குள் சிவப்பும் நீலமும் தலைகள். டாக்டர் வெள்ளனவே வந்து மலையிலேயே நின்றார்.

சங்கு ஊதினதும் மலை முழுக்க உட்கார்ந்தது. பிள்ளைத்தாய்ச்சி மட்டுமில்லை. எல்லாரும். எல்லார் கையிலும் போத்தல்.

தேத்தண்ணி.

நான் போய்ச் சேரும்போது டாக்டர் கல்லில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார், கண்ணில் தண்ணீர் வர. மாரியாயி அக்கா அவருக்கும் ஒரு மூடியில் ஊற்றிக் கொடுத்திருந்தாள்.

"என்னக்கா, குளுசைக்குத்தான சங்கு!"

"தம்பி, என் அம்மா வகுத்துல இருந்தப்பவே சங்கு ஊதுனா தேத்தண்ணின்னுதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். இன்னைக்கு வந்து மாத்துங்கன்னா?"

மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா ஒரு பக்கம் கத்துகிறார். பெண்கள் அவசரமேயில்லாமல் குடித்து முடித்தார்கள். அன்றைக்கு இரண்டு தேத்தண்ணி. குளிசையும் அதோடு போயிற்று. செல்வியும் போட்டாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பல்லெல்லாம் சாயம்.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார். "அந்தச் சங்க கழட்டு."

கழற்றினேன். பு. இருந்தால் இந்தக் கதையை ஒரு மாதத்துக்குச் சொல்லியிருப்பாள், கை காலெல்லாம் ஆட்டி, கண்டாக்கு ஐயா மாதிரி நடந்து காட்டி. இன்றைக்கு எனக்குள்ளே அவள் குரலில் பாதி ஓடியது. பிறகு நின்றுவிட்டது.

ஜூன் 13, வெள்ளி

மழையும் காற்றும். லயத்துத் தகரம் இரண்டு பறந்தது. ஆணி அடித்தேன்.

இராத்திரிச் சாப்பாட்டில் செல்வியிடம் கேட்டேன், ஏன் தண்ணியோடு போடக் கூடாது, டாக்டர் அவ்வளவு சொன்னாரே.

"எந்த தண்ணியோட மச்சான்?"

விளங்கவில்லை எனக்கு.

"மலையில எங்க தண்ணி இருக்கு? ஓடையிலயா? மேல மருந்து அடிக்கிறாங்க, அட்டைப்பூச்சி வேற. காய்ச்சுன தண்ணின்னு கையில இருக்கிறது தேத்தண்ணிதான்."

"வீட்டுலருந்து ஒரு போத்தல் தண்ணி கொண்டு போறது?"

"கூடை, படங்கு, ரொட்டி, தேத்தண்ணி. இன்னொரு போத்தலா? நீங்க வந்து சொமங்க."

அத்தை: "மாப்ளகிட்ட அப்படியா பேசுறது."

"பேசட்டும் அத்தை."

வீட்டுக்கு வந்து படுத்தும் அதே நினைப்பு. பத்து வருஷமாக மலைக்கும் பேக்டரிக்கும் நடுவே நடக்கிறேன். கொழுந்து லொறி மத்தியான நிறுவைக்கு மலையில் இருக்கிற கொழுந்து மடுவத்துக்கு ஏறும்போது காலியாகத்தான் ஏறுகிறது.

ஜூன் 16, திங்கள்

டாக்டருக்குப் போன் பண்ணினேன். சொன்னேன்: சங்கு வேண்டாம். தண்ணீரை மலைக்கு ஏற்றலாம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வைத்தால் மத்தியானம் எல்லாரும் எப்படியும் வந்தாக வேண்டும். கூடையை இறக்கினதும் தாகம். பத்து மணித் தேத்தண்ணி போய் நேரமும் ஆகியிருக்கும். அங்கேயே குளிசை.

"இருங்கோ, எழுதுறன்" என்றார்.

போறணைக்குப் பின்னால் வீணாகப் போகிற சூடு நிறைய. அதில் செம்புக் குழாயைச் சுருட்டி வைத்தால் தண்ணீர் கொதிக்கும். படம் வரைந்தேன். நிறைய நாளைக்குப் பிறகு வரைகோல் பிடித்தேன். கோடு நேராக வந்தது.

தேவை: செம்புக் குழாய், வால்வு இரண்டு, மூடி உள்ள சில்வர் டிரம் இரண்டு, தண்ணி டெப், வடிதுணி.

ஜூன் 18, புதன்

மேனேஜரிடம் டாக்டரும் நானும். வேலை நிற்காது, எரிபொருள் செலவில்லை, லொறி சும்மாதானே போகிறது. அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு இடத்தில் வால்வைக் காட்டி, "இது இந்தப் பக்கம் இருந்தா கழுவ லேசு" என்றார். சரியாகத்தான் சொன்னார். மாற்றி வரைந்தேன்.

"பலமு" சொல்லவில்லை. "செய்" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

தண்ணீர் மலைக்குப் போகத் தொடங்கி இரண்டாம் நாள். யாரும் குடிக்கவில்லை.

"புகை நாத்தம்."

"சப்புன்னு இருக்கு."

"வெறுந்தண்ணி குடிச்சா வகுறு குளுந்துரும் தம்பி, இந்தக் குளுருல."

டிரம்மைத் திரும்பக் கழுவி, எலுமிச்சைத் தோலைப் போட்டுக் கொதிக்க வைத்து ஊற்றினேன். புகை போயிற்று. சப்பு போகவில்லை. டாக்டரிடம் சொன்னால், "தேசிக்காய்ப் புளி விட்டுக் குடிக்கச் சொல்லுங்கோ, உப்பும் கொஞ்சம். அது இரும்பை உள்ளுக்குப் போக விடும், நல்லதுதான்" என்றார்.

நாளை கினிகத்தேனை போய் ஒரு பை தேசிக்காய். போகிற வழியில் அந்த மாங்காய்க்காரி இருக்கிறாளோ தெரியாது.

ஜூன் 25, புதன்

இருக்கிறாள். முடி நரைத்துவிட்டது. என்னை அடையாளம் தெரியவில்லை. "மாங்காய் வேணாமா?" என்றாள். வேண்டாம் என்றேன். பிறகு திரும்பிப் போய் வாங்கினேன். யாருக்கு என்று தெரியாமல்.

செல்வி இரண்டு தின்றாள். மிச்சத்தை அத்தை ஊறுகாய் போட்டது.

ஜூலை 2, புதன்

தூறல். பேக்டரியில் உருட்டும் இயந்திரத்தின் பெல்ட் அறுந்தது.

மடுவத்தில் இப்போது சத்தம் கூடிவிட்டது. தேசிக்காய்த் தண்ணீருக்கு ஆம்பிளைகளும் வரிசையில். மாரியாயி அக்கா அகப்பையோடு டிரம்முக்கு முன்னால் நிற்கிறாள்.

"ஏன்டா, ஒனக்கு எத்தன மாசம்?"

"அக்கா, தாகமா இருக்குக்கா!"

"புள்ளத்தாச்சிங்க குடிச்ச பெறகு வா. குளுசைய முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டுனவங்களுக்குத்தான் மொத தண்ணி."

வாயைத் திறந்து காட்டுகிறார்கள், ஸ்கூல் பிள்ளை மாதிரி. செல்வி நாக்கை நீட்டிக் காட்டினாள். இந்தச் சட்டத்தை யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

சத்துமா மட்டும் சரிவரவில்லை. பொதி கிளினிக்கில் தாய்க்கென்று கொடுக்கிறது. வீட்டுக்கு வந்தால் தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்து உருண்டை பிடித்து எல்லாப் பிள்ளைக்கும் ஒன்று. பாப்பா கையிலும் ஒன்று. செல்விக்குச் சட்டியின் அடி. டாக்டருக்குச் சொன்னேன். "அது எனக்கும் தெரியும் தம்பி. ஒரு பிள்ளை கையை நீட்டினால் எந்தத் தாய் இல்லையெண்டுவாள்? வீட்டுக்கு ரெண்டு பொதி குடுக்கச் சொல்லித்தான் மேல எழுதியிருக்கிறன்."

ஜூலை 11, வெள்ளி

செல்விக்குக் கட்டுச்சோறு. புளிச்சோறு, தேசிக்காய்ச் சோறு, தயிர்ச் சோறு. லயத்துப் பொம்பிளைகள் வளையல் போட்டு, மஞ்சள் பூசி. நான் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து ரேடியோ ஒன்றைத் திருத்தினேன்.

பு.வுக்கு இதே வாசலில். அன்றைக்குப் பச்சை வளையல் இரண்டு கையிலும் முழங்கை வரை. மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. இராத்திரி புரண்டு படுக்கிறபோதெல்லாம் சத்தம். "தூங்கவிட மாட்டியா" என்றேன். "நான் இல்ல, ஒங்க புள்ளதான் ஆட்டுது" என்று கையைக் குலுக்கினாள். அது பாப்பா.

ரேடியோவில் ஒரு கம்பி அறுந்திருந்தது, அவ்வளவுதான். பற்றவைத்தேன். பாடியது.

ஜூலை 15, செவ்வாய்

கிளினிக். நானும் போனேன், ஆட்டோவில்.

ஒன்பதரை.

மாரியாயி அக்காவின் மருமகளுக்கு பத்தைத் தாண்டிவிட்டது. இன்னும் சிலருக்கும் ஏறியிருக்கிறது. டாக்டருக்கு முகமெல்லாம் சந்தோஷம், ஆனால் செல்வியைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டார்.

"ஏறுது பிள்ளை. வடிவா ஏறுது. ஆனா காணாது. உமக்குத் தொடக்கமே குறைவு. அக்காவுக்கு நடந்ததையும் பாத்தா நான் சின்ன ஆஸ்பத்திரிக்கு விடமாட்டன். பெரியாஸ்பத்திரிக்கு நேரத்தோட போய்ப் படுக்க வேணும்."

செல்வி தலையாட்டினாள். ஆட்டோவில் திரும்பினோம். பாலத்தைத் தாண்டினதும்: "அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"

சொன்னேன். அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. பகல் சோறு யாரும் சாப்பிடவில்லை.

இன்றோடு செல்வி மலைக்குப் போவதில்லை.

ஜூலை 26, சனி

பு.வுக்கு வருஷப் படையல்.

அத்தை காலையில் கேட்டது: "அவளுக்கு என்னா புடிக்கும் மாப்ள? அதையே ஆக்கிருவோம்."

எனக்குப் பிடித்தது எல்லாம் அவளுக்குத் தெரியும். கருவாட்டில் எந்தத் துண்டு, சோறு எவ்வளவு குழைய. அவள் எது சாப்பிட்டாள்? நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் உட்காருவாள். அடுப்பைப் பார்த்து, முதுகு என் பக்கம். எங்கள் லயத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

"மாங்கா" என்றேன்.

"அது சும்மா வாய்க்கு" என்றாள் செல்வி. "அக்காவுக்கு முட்டைன்னா உசுரு. சின்னதுல என்கிட்ட சண்ட போட்டுப் புடுங்கித் திங்கும். ஒங்களுக்குத் தெரியாதா?"

கிளினிக்கில் பிள்ளைத்தாய்ச்சி தினம் ஒரு முட்டை சாப்பிடச் சொன்னார்கள் என்று நான்தான் வாங்கி வந்து கொடுப்பேன். என் தட்டில் சோற்றைப் பிசையும்போது அடியில் முட்டை வரும். முழுசாக. "ஒனக்கு?" என்றால், "நான் அப்பவே தின்னாச்சு." எத்தனையோ நாள். நான் வயிறு நிறைந்து, நல்ல பெண்டாட்டி வாய்த்தாள் என்று நினைத்துப் படுத்துக்கொள்வேன்.

வாழை இலையில் சோறு, சாம்பார், வடை, முட்டை அவித்து வைத்தோம். சூடம் காட்டும்போது அத்தை அழுதது. எனக்கு வரவில்லை. முட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பிறகு அந்த இலையை யார் எடுப்பது என்று எல்லாரும் தயங்கினார்கள். நான் எடுத்து செல்வி முன்னால் வைத்தேன்.

"படையல் சோறு மச்சான். ஆம்பளைங்க மொதல்ல..."

"நீ சாப்புடு. நாங்க உக்காந்து பாக்குறோம்."

செல்வி வெட்கப்பட்டுக்கொண்டே சாப்பிட்டாள், எல்லாரும் பார்க்க. கடைசிப் பருக்கை வரை. பாப்பா கையை நீட்டியது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

ஜூலை 28, திங்கள்

செல்வி முதலில் சாப்பிடுகிறாள். இரண்டு நாளாக. அத்தையே தட்டை அவள் பக்கம் தள்ளுகிறது.

பேக்டரி டெப்பில் கசிவு. வாஷர்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டர் போன். பிராந்தியக் கூட்டத்தில் எடுத்துக்கொண்டார்களாம். தோட்டங்களுக்கான ஒழுங்கில் குளிசை நிறுவை நேரத்துக்கு மாறுகிறது, காய்ச்சின தண்ணீரும் அதற்குள் வருகிறது. மற்றத் தோட்டங்களுக்கும் அந்தக் குழாய் படம் வேண்டுமாம்.

"உங்கட பேரைப் போடட்டோ?"

வேண்டாம் என்றேன். பிறகு, முடிந்தால் மேனேஜர் பெயரைப் போடுங்கள், வால்வை அவர்தான் மாற்றினார் என்றேன். சிரித்தார். சிரிப்பு முடிந்ததும்: "செல்வி எப்ப போறா?"

"அத்தை இன்னும் சரின்னு சொல்லலீங்க டாக்டர்."

"நாள் இல்லை தம்பி."

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நல்ல வெயில். துணியெல்லாம் தேயிலைச் செடி மேல் காய்கிறது.

அத்தையோடு பேசினேன். வாசலில் பாப்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தது.

"அத்தை, நாளைக்கு நான் அவளைக் கூட்டிட்டுப் போறேன்."

"எங்க?"

"பெரியாஸ்பத்திரிக்கு."

தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தவில்லை. "நீங்க அந்த ரோட்டுல போயே ஒரு வருஷம் ஆச்சு மாப்ள. நுவரெலியா பஸ்ஸு கூட ஏற மாட்டேங்குறீங்க. சாமான் வாங்கணும்னா ஹட்டன்தான். எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"பயமாத்தான் இருக்கு அத்தை."

அது பாப்பாவின் தலையைத் துவட்டியது. நன்றாகத் துவட்டியது, தேவைக்கும் அதிகமாக. "அவ போனப்ப நான் கூட போகல. புள்ளைக்குத் துணி தைச்சுக்கிட்டு வீட்டுல இருந்துட்டேன். நல்ல சேதிதான் வரும்னு." பிறகு: "நீங்க போறீங்கன்னா அனுப்புறேன்."

ஆகஸ்ட் 11, திங்கள்

பஸ். செல்விக்கு சன்னல் சீட். வளைவுகளில் நான் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வந்தேன், அவளுக்கு ஒன்றுமில்லை, கடலை தின்றுகொண்டு வந்தாள். அந்தத் திருப்பம், அந்தப் பெற்றோல் செட், அந்தக் கேட். எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அது கொஞ்சம் அதிசயமாக இருந்தது.

வார்ட் வாசலில் நேர்ஸ்: "நீங்க யாரு? தகப்பனா?" சிங்களத்துக்காரி, தமிழ் அப்படித்தான்.

"இல்ல மிஸ். இவ அக்கா புருஷன்."

"அப்போ அக்கா எங்க? பொம்பிள ஆள் ஒண்ணு வேணும் கூட. அக்காவ வரச் சொல்லு."

செல்வி என் கையைப் பிடித்தாள்.

"அக்கா இங்கதான் மிஸ் இறந்தாங்க. போன வருஷம். இந்த வார்ட்ல."

சொல்லிவிட்டேன். நேர்ஸ் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து, செல்வியின் பையைத் தானே தூக்கிக்கொண்டு, கட்டில் வரை நடந்தாள். சன்னலோரக் கட்டில். அவர்களாகவே ரத்தம் எடுத்தார்கள்.

பின்னேரம் சொன்னார்கள், பத்தைத் தாண்டியிருக்கிறது என்று. இருந்தாலும் இருக்கட்டும், இங்கேயே இருக்கட்டும் என்றார்கள். நானும் அப்படியே சொன்னேன்.

நாளை அத்தை போய்த் துணைக்கு நிற்கும். பாப்பா மாரியாயி அக்கா வீட்டில்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

விடியப் பனி. கை விறைத்தது.

வேலிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தபோது போன். அத்தை. சத்தம் கேட்டதும் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பேச்சும் இல்லை, மூச்சு மட்டும். அத்தை அழுகிறதா என்றும் தெரியவில்லை. "அத்தை, அத்தை" என்றேன். பிறகு போன் கை மாறியது.

"மச்சான்."

செல்வி.

"பய பொறந்திருக்கான். கறுப்பா, அவங்கப்பா மாதிரியே மூக்கு. அம்மா பேச முடியாம அழுகுது, போன நான் வாங்கிட்டேன்."

"ஒனக்கு எப்படிம்மா? ரத்தம்?"

"நின்னுருச்சாம். பாத்துட்டுப் போனாங்க. மச்சான், கேக்குறீங்களா?"

"கேக்குறேன்."

"பசிக்குது. இங்க குடுத்ததைத் தின்னுட்டேன், அம்மா கொண்டாந்ததையும் தின்னுட்டேன். இன்னும் பசிக்குது. சோறு கொண்டாங்க. பால்சுறாக் கருவாடு போட்டுக் கொழம்பு வச்சு. நெறைய."

லயத்தில் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆணா பெண்ணா, யார் சாடை, என்ன பேர். மாரியாயி அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, கருவாட்டுக்குக் கத்தரிக்காய் போடவா வாழைக்காய் போடவா என்று என்னோடு சண்டை. எனக்கு என்ன தெரியும். இரண்டையும் போடச் சொன்னேன்.

உலை கொதிக்கிறது. அரிசி களைய வேண்டும்.